இரண்டு ஆண்டில் கழிக்கப்பட்டது எது?

இதயச் செயலிழப்புடன் வார்டில் இருக்கும் ஒருவருக்குக் காலையில் டிஜாக்சின் மாத்திரை தர வேண்டும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு அசோசியேட் டிகிரி நர்சிங் படிப்பவர் தொடக்கத்திலேயே ஒரு விதியைப் படித்துவிடுகிறார்: மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிறகு மருந்தியல் வகுப்பில், ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்த உடலில் டிஜாக்சின் நஞ்சாக மாறக்கூடும் என்று தெரிந்துகொள்கிறார். அடுத்த பருவத்தில் இப்படி ஒரு நோயாளி வருகிறார். துடிப்பு 72. ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, விளக்கெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். விதிப்படி மாத்திரையைக் கொடுக்கலாம். அந்த மாணவர் கொடுக்காமல் நிறுத்தி, காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் பொட்டாசிய அளவைத் தேடிப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைத்தால் அவர் செவிலியராகத் தொடங்கிவிட்டார் என்று பொருள். செவிலியக் கல்வியில் இரண்டு ஆண்டா நான்கு ஆண்டா என்ற வழக்கு அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. அதில் ஆண்டுகளை எண்ணிய அளவுக்கு இத்தகைய கணங்களை யாரும் எண்ணவில்லை என்பதே நம் குறை.

அந்த இரண்டு ஆண்டு எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலும் வாதாடுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல் அமெரிக்க அரசு தொடங்கிய கேடட் நர்ஸ் கோர், மருத்துவமனைப் பள்ளிகளின் 36 மாதப் படிப்பை 30 மாதத்துக்குள் சுருக்கியது. 1948-இல் எஸ்தர் லூசில் பிரௌன் தம் அறிக்கையில், செவிலியக் கல்வியை மருத்துவமனையிடமிருந்து எடுத்து உயர்கல்வி நிறுவனங்களிடம் தர வேண்டும் என்றார். 1951-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டாக், சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுப் படிப்பு என்ற திட்டத்தை முன்வைத்தார். 1952 முதல் ஐந்து ஆண்டுகள் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். மருத்துவமனைப் பள்ளியின் மூன்று ஆண்டில் பெரும்பகுதி கற்றல் அல்ல, உழைப்பு. அன்று வார்டு ஓடியதே மாணவர்களின் கைகளால்தான். நூறாவது படுக்கையை விரிப்பவர் புதிதாக எதையும் கற்பதில்லை. மான்டாக் கழித்தது இந்த உழைப்பை. நோயாளியருகே மாணவர் செலவிடும் நேரத்தை வார்டின் ஆள்பற்றாக்குறை தீர்மானிக்கக் கூடாது, ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர் செய்த மாற்றம். வேடிக்கை என்னவென்றால், மான்டாக் மனத்தில் வைத்திருந்தது எல்லை குறுகிய ஒரு தொழில்நுட்பச் செவிலியரை; பட்டதாரிச் செவிலியரின் வழிகாட்டலில் பணிசெய்பவரை. ஆனால் அவருடைய மாணவர்கள் மற்றவர்களோடு ஒரே உரிமத் தேர்வை எழுதித் தேறினார்கள். மருத்துவமனைகளும் அவர்களுக்கு ஒரே வேலையைத்தான் கொடுத்தன. அன்று விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

இன்றைய பாடத்திட்டத்தைப் பார்த்தால் 'இரண்டு ஆண்டு' என்பதே பாதிக் கற்பனை. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் பலவற்றைப் பல கல்லூரிகளில் முன்னரே முடித்தாக வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு மூன்று ஆண்டைத் தாண்டுவது இயல்பு. அதன் பிறகு அடிப்படைச் செவிலியம், மருத்துவ-அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம். இறுதியில் அனுபவமிக்க ஒரு செவிலியரின் அருகில் நின்று முழு ஷிப்ட் பார்க்கும் பயிற்சி. மருந்துக் கணக்கில் பல கல்லூரிகள் சலுகையே காட்டுவதில்லை; 90-க்குக் குறைந்தால் வார்டில் மருந்தைத் தொட முடியாது. 250 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பாரின் இருக்கிறது, மணிக்கு 1,200 யூனிட் போக வேண்டும் என்றால் பம்பில் 12 மில்லி என்று வைக்க வேண்டும். இதைப் பள்ளி மாணவரும் போட்டுவிடுவார். பம்பைத் தொடுமுன் உறைவுப் பரிசோதனை முடிவையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்தாயா, சிறுநீர் சிவந்திருக்கிறதா என்று கேட்டாயா என்ற கேள்விதான் கல்லூரியில் சேர்க்கப்படுவது. கணக்கைத் திருத்துவது எளிது என்பதால் பல ஆசிரியர்கள் அத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நேரத்தின் நீளத்தைவிட அதில் நடப்பதே பெரிது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்க மாநில நர்சிங் கவுன்சில்களின் தேசிய அமைப்பு, 2014-இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பத்துக் கல்லூரிகளின் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தது. அசோசியேட், இளங்கலை இரு வகைப் படிப்பும் அதில் இருந்தன. ஒரு குழு வழக்கம்போல் வார்டில் பயின்றது. மற்ற இரண்டில் வார்டு நேரத்தின் 25 சதவீதமும் 50 சதவீதமும் மாதிரி நோயாளியோடு நடத்தும் சிமுலேஷனுக்கு மாறின. உரிமத் தேர்விலும் செயல்திறனிலும், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைக் காட்டி வார்டு நேரத்தை மலிவாக வெட்டலாம் என்று நினைக்கும் நிர்வாகங்கள், அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் உட்கார்ந்து அலசினார்கள் என்பதைப் படிக்காமல் விட்டுவிடுகின்றன. ஏன் அப்படிச் செய்தாய், வேறு எதைப் பார்த்திருக்கலாம் என்று கேட்கப்பட்ட நேரமே பலன் தந்தது. நம் செவிலியர் பலருக்கும் பழகிய பெயரான என்க்ளெக்ஸ், அதாவது அந்த அமெரிக்க உரிமத் தேர்வும், 2023 ஏப்ரல் முதல் இந்தத் திசைக்கே வந்திருக்கிறது: அறிகுறியைக் கவனி, பொருள் கொள், எது முதலில் என்று முடிவுசெய், வழிகளை வகு, செய், விளைவைப் பார். அசோசியேட் டிகிரிக்கு ஒன்று, இளங்கலைக்கு ஒன்று என்று இரண்டு வினாத்தாள் இல்லை.

எதிர்வாதம் இலேசானதல்ல. ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தது. இளங்கலைப் பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடுமிடத்தில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. இந்த எண்களைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. ஆனால் அவை மருத்துவமனைகளை ஒப்பிட்டவை. எந்தப் படிப்புப் படித்தவர் எந்த நோயாளியைப் பார்த்தார் என்பதைப் பின்தொடர்ந்தவை அல்ல. பென்சில்வேனிய ஆய்வில் மருத்துவமனை டிப்ளமாவும் அசோசியேட் டிகிரியும் ஒரே கூடையில் இருந்தன. ஐரோப்பிய ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் ஏறும். பட்டத்தைப் பற்றிய பாதியை மேடையில் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

என் கணிப்பில் அசோசியேட் டிகிரியின் உண்மையான இடைவெளி படுக்கையருகே இல்லை. பொதுச் சுகாதாரம், ஆய்வுக் கட்டுரையைப் படித்து எடைபோடுதல், ஒரு பிரிவையே நடத்தும் திறன் ஆகியவற்றில் அது மெலிந்தது. அந்த மெலிவை வாசலை அடைத்துச் சரிசெய்ய முயன்ற இடம் வடக்கு டகோட்டா. 1987 முதல் பதிவுபெற்ற செவிலியராக இளங்கலைப் பட்டம் வேண்டும் என்று வைத்து, 2003-இல் அதைக் கைவிட்டது. நியூயார்க் 2017-இல் வேறு வழியை எடுத்தது: அசோசியேட் டிகிரியோடு பணியில் சேரலாம், பத்து ஆண்டுக்குள் இளங்கலையை முடிக்க வேண்டும். இரண்டாவதே அறிவார்ந்தது. கையில் நோயாளிகள் இருக்கும்போது ஆய்வு முறையைப் படிப்பவருக்கு அது தேர்வுக்கான பாடமாக மட்டும் இருப்பதில்லை.

இந்தியாவில் நம்மிடமும் ஜி.என்.எம். டிப்ளமா, பி.எஸ்சி. நர்சிங் பட்டம் என்று இரண்டு வாசல்கள். இரண்டும் ஒரே பதிவேட்டில் போய்ச் சேர்கின்றன. எது உயர்வு என்ற பேச்சு ஓயவில்லை. மான்டாக் கழித்த உழைப்போ நம் வார்டுகளில் இன்னும் 'போஸ்டிங்' என்ற பெயரில் நடக்கிறது: ஆள் குறைவான ஷிப்டுக்கு மாணவரை அனுப்பிவிட்டு அதைக் கிளினிக்கல் நேரமாக எழுதிக்கொள்கிறோம். ஜி.என்.எம். மாணவருக்கும் பி.எஸ்சி. மாணவருக்கும் இதில் பேதமில்லை. இந்த இதழை வாசிக்கும் ஆசிரியர்கள் கையெழுத்திடும் ரெக்கார்டில் ஊசி எத்தனை, கதீட்டர் எத்தனை, டிரெஸ்ஸிங் எத்தனை என்பதற்குக் கட்டங்கள் இருக்கின்றன. கொடுக்காமல் நிறுத்திய மாத்திரைக்கு, ஏன் நிறுத்தினார் என்று மாணவரே எழுத, ஒரு கட்டத்தை வரும் கல்வியாண்டில் கோடு போட்டுச் சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.