வெர்ஷன் நம்பர் பழசா இருந்தா ஆபத்தா? ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட்டில் நடக்கும் குழப்பம்

லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் பழசாகத் தெரிந்தால், சோர்ஸ் கோடை டவுன்லோடு செய்து தாங்களே நிறுவப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வேண்டாத வேலை. ஏன்?

2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வர் மெமரியில் இருந்து 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. பாஸ்வேர்டு, பிரைவேட் கீ எதுவும் அதில் சிக்கலாம். 1.0.1ஜி வெர்ஷன் அதை அடைத்தது. ஆனால் டெபியன் 7, பழைய 1.0.1இ வெர்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தத்தை மட்டும் சேர்த்து ரெபாசிட்டரியில் கொடுத்தது. இதுதான் பேக்போர்ட். நம்பர் பழசு, பாதுகாப்பு புதுசு!

சொந்தமாக நிறுவினால் என்ன ஆகும்? மற்ற புரோகிராம்கள் பழைய லைப்ரரியையே பயன்படுத்தக்கூடும். அடுத்த ஓட்டை வந்தால் ஆப்ட் காப்பாற்றாது. நிறுவியவர்தான் கவனித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதனால் 'ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் அப்கிரேட்' போதும். திருத்தம் வந்துவிட்டதா என்பதை 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓப்பன்எஸ்எஸ்எல்' காட்டும். ஆனால் வேலை அதோடு முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய லைப்ரரியைத்தான் மெமரியில் வைத்திருக்கும். எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்யணும் என்று 'நீட்ரீஸ்டார்ட்' டூல் சொல்லிவிடும்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் டிஸ்ட்ரோவுக்கு சப்போர்ட் இருக்கும்வரைதான். டெபியன் 7-க்கான எல்டிஎஸ் சப்போர்ட் 2018 மே மாதத்தோடு முடிந்தது. பயப்பட வேண்டியது வெர்ஷன் நம்பருக்கு அல்ல, சப்போர்ட் முடியும் தேதிக்குத்தான்.