பள்ளிக்கூட வாசலில் ஒரு காவல் கண்

சாயங்கால மணி அடித்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்து வருகிறார்கள். எதிரே தேங்காய் ஏற்றிய லாரி. அதை முந்திக்கொண்டு வருகிறது ஒரு கார்!

பழனி மலை அடிவாரத்து அய்யம்பாளையத்தில் மட்டுமா? தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பள்ளி விடும் நேரத்துக் காட்சி இதுதான்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் தாண்டிவிடும். டிரைவர் பிள்ளையைப் பார்த்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த விநாடி போய்விடும். 30 கி.மீ. வேகம் என்றால் 8 மீட்டர்தான். இடையில் உள்ள 6 மீட்டரில் ஒரு பிள்ளையின் உயிரே இருக்கிறது.

அந்த வேகத்தைப் பிடிக்கத்தான் கேமரா. அதைச் செய்தவர் யார் தெரியுமா? ஒரு கார் பந்தய வீரர்! 1953-ல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்ற ஹாலந்துக்காரர் கட்சோனைட்ஸ். தாம் இன்னும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் செய்த கருவி, பிறகு வேகக்காரர்களையே பிடிக்கத் தொடங்கியது.

பணம் பறிக்கவா?

கனடாவில் டொரன்டோ நகரம் 2020-ல் பள்ளிகளின் அருகே கேமரா வைத்தது. வேகம் மீறும் வண்டிகள் 45 சதவீதம் குறைந்தன என்று 2025-ல் வெளியான ஆய்வு கூறியது. ஆனாலும் அந்த மாநில அரசு, இது மக்களிடம் பணம் பறிக்கும் வேலை என்று சொல்லி, 2025 நவம்பர் 14 முதல் கேமராக்களுக்குத் தடை போட்டுவிட்டது!

சென்னையிலும் கூக்குரல் கேட்டது. பகலில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அபராதம் என்று 2023 ஜூனில் அறிவித்தபோது வண்டிக்காரர்கள் கொதித்தார்கள். நவம்பரில் வேக வரம்பு மாறியது. குடியிருப்புப் பகுதிகளில் மட்டும் 30 கி.மீ.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கேமராவை மரத்தின் மறைவில் ஒளித்துவைத்து வசூல் செய்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஆனால் மத்திய அரசின் 2021-ம் ஆண்டு விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் வாங்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவருக்குக் காலணா செலவில்லை.

சின்ன ஊருக்கு எப்போது?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த விதி கேமரா வைக்கச் சொல்வது நெடுஞ்சாலைகளில் ஆபத்தான இடங்களிலும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்கள் போன்ற பெரிய ஊர்களிலும்தான். அய்யம்பாளையமோ ஒரு பேரூராட்சி. பட்டணத்துப் பிள்ளைக்குக் காவல், சிற்றூர்ப் பிள்ளைக்குக் கடவுள் துணையா? பள்ளிக்கூட வாசல் எந்த ஊரில் இருந்தாலும் அதைப் பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டும்.

கேமரா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வெள்ளைப் பட்டை அடித்த வேகத்தடை, "30" என்று எழுதிய பலகை, காலையும் மாலையும் அரைமணி நேரம் விசிலோடு ஓர் ஆள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே பேரூராட்சியும் போலீசாரும் இதைச் செய்துவிடலாம்.