ஏலத்தோடு முடிவதில்லை பொறுப்பு

கோலா குபு பாருவில் எங்கள் தாமானுக்குப் பழைய இரும்பு லாரி அடிக்கடி வரும். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே வந்து, ஓடாத மின்விசிறி, கெட்டுப்போன குளிர்ப்பெட்டி, பழைய கணினி என எதையும் ஏற்றிக்கொள்வார்கள். சாமான் லாரியில் ஏறியதும் நம் வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிடுகிறோம். லாரிக்காரருக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. அதை உடைத்து, செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாகப் பிரித்தால்தான் அவருக்குக் காசு.

வெளிநாட்டு மின்-கழிவு போர்ட் கிள்ளானில் வந்திறங்குவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். பாசல் ஒப்பந்தத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் எந்த வகை மின்-கழிவையும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் அனுப்பக்கூடாது. நல்ல முடிவுதான். ஆனால், நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களில் பயனற்றுப்போகும் கருவிகள் எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. பழைய ஆய்வுக் கருவியால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் டில்லியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1968இல் கனடாவில் தயாரான 'காமாசெல் 220' என்ற கருவியை வாங்கியது. பொருள்களின்மீது காமாக் கதிரைச் செலுத்தி ஆராய அது பயன்பட்டது. அதனுள்ளே கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. 1985க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 25 ஆண்டுகள் சும்மா கிடந்த அந்தக் கருவி, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம், பழைய இரும்புக் கடைகள் நிறைந்த மாயாபுரி.

அங்கே தொழிலாளர்கள் கருவியை உடைத்தார்கள். கதிர் வெளியேறாமல் தடுத்துக்கொண்டிருந்த காரீயக் கவசம் அவர்களுக்கு விலைபோகும் உலோகம். உள்ளிருந்த கோபால்ட் துண்டுகள் கடைக்குக் கடை கைமாறின. ஒருவர் சிறு துண்டொன்றைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏப்ரல் மாதத்தில் தோல் கருகி, முடி கொட்டி, ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோபால்ட் 60இன் அரை ஆயுட்காலம் சுமார் 5.27 ஆண்டு. 1968 முதல் 2010 வரை 42 ஆண்டுகள். அதாவது கதிரியக்கம் ஏறக்குறைய எட்டு முறை பாதியாகக் குறைந்து, தொடக்கத்தில் இருந்ததில் 256இல் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் குடித்தது. 'பழையது' என்பதும் 'ஆபத்தில்லாதது' என்பதும் ஒன்றல்ல.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கதிரியக்கக் கருவியைக் கைவிடும் முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெறவேண்டும். அது பெறப்படவில்லை. நான் இதில் இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, 25 ஆண்டுகள் அதைக் கவனிக்காமல் விட்டது. அதற்குள் உள்ளே என்ன இருக்கிறது என்ற நினைவே மங்கிவிட்டது. மற்றொன்று, அறையைக் காலி செய்யும்போது விசாரிக்காமல் விற்றது. தாமதமும் அவசரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், முதலாவதுதான் இரண்டாவதற்கு வழிவிட்டது.

நம் நாட்டில் அரசாங்க உடைமைகளைக் கைவிட நிதியமைச்சின் நடைமுறை உண்டு. பரிசோதனைக் குழு ஒன்று பொருளை நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகே ஏலமா, அன்பளிப்பா, அழிப்பா என்பது முடிவாகும். மின்-கழிவு 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் 'எஸ்.டபிள்யூ. 110' என்று பட்டியலிடப்பட்ட கழிவு. அதைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையத்திற்கே அனுப்பவேண்டும். பொதுவாக 180 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கவும் கூடாது. கதிரியக்கப் பொருளுக்கு 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் தனியாக இருக்கிறது.

இத்தனை பாரங்களை நிரப்புவதற்குள் பொருளே மக்கிவிடும் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பில் நியாயமும் இருக்கிறது. நன்றாக ஓடும் கணினியை உரிய காலத்தில் விடுவித்தால் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு அன்பளிப்பாகத் தரலாம். ஐந்தாறு ஆண்டு பூட்டி வைத்தால் அது குப்பைதான். ஆகவே, நடைமுறை வேகமாக நடக்கவேண்டும். அதற்காகப் பரிசோதனையைத் தாண்டிப் போகக்கூடாது. அந்தப் பாரத்தில் 'உள்ளே என்ன இருக்கிறது?' என்ற ஒரு வரி, பல்கலைக்கழகக் கூட்ட அறைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத இரும்புக்கடைத் தொழிலாளிக்கான பாதுகாப்பு.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. அம்பாங் பெச்சா இருக்கும் இடத்தில்தான் பழைய கோலா குபு இருந்தது. 1883இல் அணை உடைந்து அழிவு வந்தது. அதன் பிறகும், மேலே இருந்த ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றில் படிந்து, வெள்ளம் திரும்பத் திரும்ப ஊருக்குள் புகுந்தது. கடைசியில் ஊரையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். பெயரில் உள்ள 'பாரு' அப்படி வந்ததுதான். கழிவைக் கொட்டியவர் ஒருவர், வீட்டை இழந்தவர் வேறொருவர்.

நாளை உங்களில் பலர் ஆய்வுக்கூடங்களில் படிப்பீர்கள், சிலர் அங்கேயே வேலை செய்வீர்கள். மூலையில் தூசி படிந்த கருவி ஒன்றைப் பார்த்தால், அது என்ன, உள்ளே என்ன இருக்கிறது, யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போவதற்குள் அதை எழுதி வையுங்கள்.