சிரிப்பும் சிற்ப சாஸ்திரமும்

மாசி அமாவாசையில் மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குப் போய் வந்த நேயர்கள் காளி வேஷக்காரர்களைப் பார்த்திருப்பார்கள். உதட்டைத் தாண்டி நீண்ட கோரைப் பல் இல்லாவிட்டால் அந்த வேஷம் சோபிக்காது. காளிக்கு லட்சணமாக இருப்பது, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு அவலட்சணமாகி விடுகிறது. அவள் சிரிக்கும்போது கை தானாகவே வாயைப் பொத்திக்கொள்ளும். விடை தெரிந்தாலும் எழுந்து நின்று சொல்லமாட்டாள். உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நாம் இத்தகைய குழந்தைகளை வருஷந்தோறும் கண்டு வருகிறோம்.

பெற்றோர்களில் இரண்டு கட்சி உண்டு. "பல்லா சோறு போடப் போகிறது?" என்று விட்டுவிடுகிறவர்கள் ஒரு கட்சி. கல்யாணப் பேச்சு எழுந்ததும் பதறிப்போய், சினிமா நட்சத்திரத்தின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரிச் செய்து கொடுங்கள்" என்று வைத்தியரைக் கேட்கிறவர்கள் மற்றொரு கட்சி. முதற் கட்சியார் சாஸ்திரத்தை மறக்கிறார்கள்; இரண்டாவது கட்சியார் கலையை மறக்கிறார்கள்.

முதலில் சாஸ்திரத்தைப் பார்ப்போம். பல் என்பது சுவரில் அறைந்த ஆணி அன்று. அதன் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்தசை ஒன்று இருக்கிறது. கம்பியைப் பூட்டி மெதுவாக அழுத்தம் கொடுத்தால், அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல்லும் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்ந்து செல்கிறது. அவசரப்பட்டு முறுக்கினால் வேருக்குச் சேதம் விளையும். ஆகையால்தான் இச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருஷங்கள் பிடிக்கின்றன.

இனிக் கலைக்கு வருவோம். கோணற் பற்களை மூன்று வகையாகப் பிரித்து 1899-ம் வருஷத்தில் வெளியிட்டவர் அமெரிக்கப் பல் வைத்தியர் எட்வர்டு ஆங்கிள். இத் துறையை ஒரு தனிச் சாஸ்திரமாக நிலைநாட்டியவரும் அவரே. கிரேக்கர்களின் அப்பாலோ சிலையின் முகமே அழகுக்கு அளவுகோல் என்று அவர் எண்ணியதுண்டு. ஸெயின்ட் லூயி நகரத்து ஓவிய ஆசிரியர் எட்மண்ட் வூர்பெல் அதை ஒப்பவில்லை. எல்லா முகங்களுக்கும் ஒரே சூத்திரம் கிடையாது என்றார். ஆங்கிளும் இணங்கினார். ஆனால் ஒரு பல்லைக்கூடப் பிடுங்காமல் வரிசைப்படுத்தினால் அவரவர்க்குரிய அழகு தானே வந்து சேரும் என்று வேறொரு விதியைச் செய்துகொண்டார்!

அவருடைய மாணாக்கரான சார்லஸ் ட்வீட் அந்த விதிப்படியே பலருக்குச் சிகிச்சை செய்தார். பற்கள் வரிசையில் நின்றன. ஆனால் சிலருடைய வாய் முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. அத்தகையவர்களுக்கு நான்கு சிறு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மறுபடியும் சிகிச்சை செய்து, 1940-ம் வருஷ வாக்கில் அதன் பலனை மற்ற வைத்தியர்களுக்குக் காட்டினார். குருவின் விதியைச் சீடனின் கண் திருத்தியது. இக் காலத்து வைத்தியர்கள் பல் எடுப்பதா வேண்டாமா என்பதை முகத்துக்கு முகம் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

முகத்தை அளப்பது நமக்குப் புதிதன்று. நமது சிற்ப சாஸ்திரத்தின் நவதாள அளவில் முகம் பன்னிரண்டு அங்குலம். நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, அதன் கீழ் மோவாய் வரையில் நான்கு. பல் சீரமைப்பு வைத்தியரும் முகத்தை இப்படியே மூன்று பாகமாகப் பிரித்துப் பார்க்கிறார். ஆயினும் அளவை மட்டும் நம்பிய ஸ்தபதியின் கையில் பிறப்பது கல்தான், தெய்வம் அன்று. மேலும், ஐரோப்பிய முகத்தைக் கொண்டு வகுத்த அளவுகளை அப்படியே நம் குழந்தைகளின் மேல் சுமத்துவது தகாது. நம்மவர்களின் உதடுகள் சற்றுப் பூரித்தவை, அது குறையாகாது. நம் தேசத்து முகங்களுக்கென்றே அளவுகள் இப்போது வகுக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் எட்டிப் பார்க்கும் தெற்றுப்பல் ஒன்று சிலருடைய சிரிப்புக்கே தனிச் சோபை தருவதும் உண்டு. கடிக்கவும் துலக்கவும் இடைஞ்சல் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

பெற்றோர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. குழந்தைக்கு ஏழு வயதானதும் ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கம்பி போடுவதற்காக அன்று. தாடையின் வளர்ச்சியைப் பார்ப்பதற்காக. பாற்பல்தானே என்று சொத்தையை அலட்சியம் செய்யாதீர்கள். அது காலத்துக்கு முன் விழுந்தால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் போய்விடும். செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு 1953-ல் தொடங்கிய சென்னை அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செஞ்சிப் பக்கத்தாருக்குப் புதுச்சேரிக் கல்லூரி இன்னும் சமீபம். கம்பியைக் கழற்றிய பிறகு, பற்களை நிலைநிறுத்தும் கருவியை வைத்தியர் சொல்லும் காலம் வரையில் அணியத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

முடிவாக ஒன்று. வைத்தியரிடம் போகுமுன், "உனக்கு என்ன சங்கடம்?" என்று குழந்தையைக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காகத் திருத்தும் பல் வேறு. அவள் வகுப்பில் தலை நிமிர்ந்து பேசுவதற்காகத் திருத்தும் பல் வேறு. இரண்டுக்கும் கம்பி ஒன்றுதான். ஆனால் பின்னதில்தான் சிரிப்பு அவளுடையதாக இருக்கும்.