மடங்கிய விரலும் முன்ஜென்மப் பாவமும்



நமது புதுக்கோட்டைச் சீமையில் தேர்த்திருவிழா நடந்த கோவில் வாசல்களில் மடங்கிய கையை நீட்டிப் பிச்சை கேட்டவர்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். காசு போட்ட புண்ணியவான்கள் "எல்லாம் முன்ஜென்மப் பாவம்" என்று சொல்லிவிட்டே போட்டார்கள். உள்ளே இருந்த சாமியும் அந்த விரலை நிமிர்த்தவில்லை.

பெருவியாதி என்கிற தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே தேசத்து ஹான்சன் என்பவர் 1873-லேயே அதைக் கண்டு சொல்லிவிட்டார். முழங்கை இடித்துக்கொண்டால் சுரீர் என்கிறதே, அந்த நரம்பைக் கிருமி கெடுக்கிறது. உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலற்றுப்போய், சுண்டுவிரலும் மோதிரவிரலும் வளைகின்றன. உணர்ச்சியும் போய்விடுவதால் சுடுசட்டி பட்டாலும், இராத்திரியில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. விரல் அழுகி விழுகிறது என்கிறார்களே, அது இப்படிக் காயத்தின்மேல் காயம் பட்டுத் தேய்வதேயாகும்.

ஆனால் முன்கைத் தசைகள் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கின்றன. இதைக் கவனித்தவர் கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு. தொழுநோயாளியின் சதை கத்தி பட்டால் ஆறாது என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. (படித்தவனுக்கும் மூடநம்பிக்கை உண்டு!) விரலை மடக்குவதற்கு இரண்டு தசைநார்கள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றினால் என்ன என்று யோசித்தார். 1948 வாக்கில் அறுவை செய்தார். கட்டுப் பிரித்தபின் விரல்களைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி. பிச்சையெடுத்த கை மரவேலை செய்தது. அவர் பாதிரி மகன், ஜெபமும் செய்தவர், செய்யட்டும். விரலை நிமிர்த்தியது கத்தியும் உடற்கூற்று அறிவுமே.

பாவத்தால் மடங்கிய விரல் என்றால், நாரை இடம் மாற்றியவுடன் அந்தப் பாவம் எங்கே ஓடிற்று? பண்டிதர்கள் பதில் சொல்லட்டும்.

1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்தைச் சிபாரிசு செய்தது. ஆரம்பத்திலேயே உண்டால் விரல் மடங்கும் நிலையே பெரும்பாலும் வராது. அப்படியிருந்தும் நோயை ஏன் ஒளிக்கிறார்கள்? பெண் கொடுக்கமாட்டார்கள், பந்தியில் உட்காரவிடமாட்டார்கள் என்ற பயம். சட்டமே 2019 வரை இந்த நோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்ததென்றால் ஊரை என்ன சொல்வது! உணர்ச்சியற்ற தேமலுக்கு விபூதி மந்திரித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் நரம்பு போய்விடுகிறது.

மடங்கிவிட்ட விரலாயினும் தினம் எண்ணெய் தடவி நீட்டிவிடுங்கள். கணு இறுகிவிட்டால் அறுவை கடினம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இந்த அறுவைக்குக் கட்டணமில்லை. படுத்திருக்கும் நாளில் கூலி போகிறதே என்பதற்காக நோயாளிக்குப் பணமும் தருகிறார்கள்.