கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களின் ஒப்பந்தங்களைப் பற்றி எழுதிய நண்பரின் வாதம் இதுதான்: விரும்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், போட்டபின் உரிமை பேசுவது நாணயமில்லை, உரிமைப் பட்டியல் நீள நீள இல்லங்களின் செலவுதான் ஏறும். இதில் ஒரு சொல்லும் தேறாது.

முதலில் அந்த ‘விரும்பி’. இடுப்பெலும்பு முறிந்து என் அம்மா மெல்பர்னில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வாரத்துக்குள் இடம் பாருங்கள், கட்டில் வேண்டும் என்று தினமும் நெருக்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் காலியிடம் ஒரே ஒரு இல்லத்தில்தான் இருந்தது. ஒப்பந்தம் ஒரு கத்தை ஆங்கிலம். அம்மாவால் அதில் ஒரு வரி படிக்க முடியாது. வேலைக்கு நடுவே ஓடிப்போய், கார் நிறுத்துமிடத்தில் வைத்து அவருக்காக நான்தான் கையெழுத்திட்டேன், முழுதும் படிக்காமல். எத்தனையோ தமிழ் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. இதற்குப் பெயர் விருப்பமா?

சட்டம் எழுதியவர்களுக்கே அந்த நெருக்கடி தெரிந்திருந்தது. 1997ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் எழுதிக்கொடுத்து விலக இடம் தந்தன. தங்குமிடப் பணத்தை எப்படிக் கட்டுவது என்று முடிவெடுக்க, குடிபுகுந்த பிறகும் 28 நாள் அவகாசம் தந்தன. கையெழுத்தே முழுச் சம்மதம் என்றால் இந்த அவகாசம் எதற்கு?

பிடிக்காதவர் வேறு இல்லம் போகலாமே என்கிறார் நண்பர். மறதிநோயோடு வாழும் 85 வயதுக்காரருக்குப் பழகிய அறையின் கதவு எந்தப் பக்கம் என்பதே பெரிய பிடிமானம். அதனால்தான், இல்லம் நினைத்தபோது அவரை வெளியே அனுப்பச் சட்டம் விடவில்லை. இல்லமே மூடப்பட வேண்டும், அல்லது கட்டணம் 42 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும், அல்லது அவர் வேண்டுமென்றே யாருக்காவது பெரும் காயம் விளைவித்திருக்க வேண்டும். இப்படிச் சில காரணங்கள் மட்டுமே செல்லும். அப்போதும் அவருக்கு ஏற்ற வேறு இடம் இருந்தாக வேண்டும். நண்பர் செலவு என்று தள்ளும் உரிமை இதுதான்.

இல்லங்கள் தாம் எழுதிக்கொடுத்ததையாவது மதித்தனவா? 2020இல் முதியோர் இல்லங்கள் நடத்தும் பூபா நிறுவனத்துக்கு ஃபெடரல் நீதிமன்றம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கூடுதல் சேவை என்று முதியோரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவற்றை முழுமையாகத் தராததற்காக. சூடான காலை உணவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 20 இல்லங்கள், பத்தாண்டுக்கு மேல் நீண்ட காலம். அங்கிருந்தவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஒப்பந்தத்தை மீறியது அவர்களா?

முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 2019இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பே ‘புறக்கணிப்பு’. 2021இல் வந்த இறுதி அறிக்கையின் 148 பரிந்துரைகளில் முதலாவது, முதியோர் உரிமையை அடிப்படையாகக் கொண்ட புதிய சட்டம் வேண்டும் என்பது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் உரிமைப் பிரகடனத்தை மட்டும் காட்டி நேரே நீதிமன்றம் போக வழியில்லை என்று சட்டமே சொல்கிறது. உரிமைகள் மிஞ்சிப்போய்விட்டன என்று எழுத எப்படி மனம் வந்தது? குறை சொல்ல வேண்டிய இடம் இந்த ஓட்டை. நண்பர் அதைத் தொடவே இல்லை.

பெற்றோருக்காகப் பேனாவை எடுக்கும் பிள்ளைகளே, நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் சந்தேகம் இருந்தால் 1800 700 600இல் முதியோருக்காகப் பரிந்து பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசு வாங்குவதில்லை. அவர்களிடம் பேசி முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.