விற்பவரே பொறுப்பு

வீடியோ விளையாட்டு வாங்க இப்போது கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் உள்ள ஆன்லைன் கடைகளே அவற்றை விற்கின்றன. அந்தக் கடைகள் எதை வேண்டுமானாலும் விற்கலாமா? அல்லது இன்னின்னவற்றை விற்பதில்லை என்று வரம்பு கட்டிக்கொள்ள வேண்டுமா? 2025 ஜூலையில் அமெரிக்கக் கடைகள் இரண்டில் நடந்தவை இந்தக் கேள்வியைப் பெரிதாக எழுப்பிவிட்டன.

வரம்பு வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. அதை யார் விதிப்பது, எப்படி விதிப்பது என்பதில்தான் சிக்கல்.

ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் மிகப் பெரிய கடை. வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-ல் இதைத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் புகுந்து சுடுவதாக அமைந்த ஒரு விளையாட்டு 2018-ல் இங்கே விற்பனைக்கு வர இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த மாதமே நிர்வாகம் ஒரு கொள்கையை அறிவித்தது. சட்டவிரோதமானவை, வேண்டுமென்றே வம்பு வளர்ப்பவை தவிர மற்ற அனைத்தையும் அனுமதிப்போம் என்பது அதன் சாரம்.

அந்தக் கொள்கை ஓராண்டு கூடத் தாங்கவில்லை. பலாத்காரத்தையே ஆட்டமாக்கிய ஒரு விளையாட்டை 2019 மார்ச்சில் அதே கடை விற்க மறுத்துவிட்டது. எல்லாவற்றையும் விற்போம் என்றவர்களாலேயே அப்படி விற்க முடியவில்லை. கலப்பட எண்ணெயை விற்றுவிட்டு, வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டும் என்று மளிகைக் கடைக்காரர் சொல்ல முடியுமா? விற்கும் விளையாட்டில் ஸ்டீம் வழக்கமாக நூற்றுக்கு 30 கமிஷன் எடுக்கிறது. வருமானத்தில் பங்கு வாங்குகிறவர், பொறுப்பில் பங்கு இல்லை என்று தட்டிக்கழிக்க இயலாது.

2025 ஏப்ரலில் இதே போன்ற இன்னொரு விளையாட்டு கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதைத் தயாரித்தவரே வாபஸ் பெற்றார். இத்தகைய சரக்கு கடைக்கு வருவதையே தடுக்க வேண்டும் என்று கலெக்டிவ் ஷௌட் என்ற ஆஸ்திரேலியப் பெண்கள் அமைப்பு போராடியது. பெண்ணை வதைப்பதைப் பொழுதுபோக்காக விற்பதைக் கண்டு அவர்கள் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் ஜூலையில் முறையிட்டது கடைக்காரரிடம் அல்ல. பணப் பட்டுவாடாவைக் கையில் வைத்திருக்கும் கார்டு கம்பெனிகளிடம்.

விளைவு உடனே தெரிந்தது. பணப் பட்டுவாடா கம்பெனிகள், கார்டு நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவற்றின் விதிகளுக்கு முரணானவை விற்கப்படமாட்டா என்று ஸ்டீம் புதிய விதி சேர்த்தது. சிறிய தயாரிப்பாளர்கள் பலர் நம்பியிருக்கும் இட்ச் என்ற மற்றொரு கடை, ஜூலை 24-ந் தேதி, வயது வந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்ட எல்லாவற்றையும் தேடினால் கிடைக்காதபடி மறைத்தது. முன்னறிவிப்புக் கொடுக்க நேரம் இருக்கவில்லை என்று கடையே ஒப்புக்கொண்டது. குற்றமுள்ளது எது, குற்றமற்றது எது என்று பிரித்துப் பார்க்கப்படவில்லை.

எந்த விளையாட்டையும் தாங்கள் பரிசீலிக்கவில்லை, எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கச் சொல்லவில்லை என்று மாஸ்டர்கார்டு ஆகஸ்ட் முதல் தேதி அறிக்கை விட்டது. இடையில் உள்ள பட்டுவாடா கம்பெனிகள் மாஸ்டர்கார்டின் விதியைக் காட்டித்தான் தங்களிடம் பேசின என்றது வால்வ். ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். பிழைப்பை இழந்த தயாரிப்பாளருக்குப் பதில் சொல்ல எவரும் இல்லை. இது ஒழுங்குமுறை ஆகாது. பணம் போகும் வழியை அடைத்து இன்று விளையாட்டை மறைப்பவர்கள், நாளை ஒரு புத்தகத்தையும் மறைக்கலாம்.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வேறு வழியைக் கையாண்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியது. அவற்றுக்கு வங்கிகள் பணப் பட்டுவாடா செய்யக்கூடாது என்றும் விதித்தது. சம்பளப் பணத்தை ரம்மியில் தொலைத்த குடும்பங்கள் இதன் அருமையை அறியும். இங்கும் வங்கியின் கதவுதான் அடைக்கப்படுகிறது. ஆனால் யார் அடைத்தார், ஏன் அடைத்தார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்துக் கர்நாடக ஐகோர்ட்டில் வழக்குப் போட முடிந்தது. வேறுபாடு இதுதான்.

தடை ஒன்றே வழி என்பதும் இல்லை. பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2022 ஜூலையில் அரசு உத்தரவால் கைபேசிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. 18 வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது என்று வரம்பு போடப்பட்டது. விற்கலாம், ஆனால் இன்னாருக்கு இந்த அளவுக்குத்தான் என்று சொல்லவும் இடம் உண்டு.

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த குடும்பங்களுக்கு இது தொலைதூரத்து வழக்கு அல்ல. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் வாடகை கொடுக்க முடியும். சொந்த ஊர் என்றால் தாத்தாவும் பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் துணை கைபேசிதான். இரண்டாவது ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தந்தை, பிள்ளை என்ன ஆடினான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெற்றோர் கவனிக்கட்டும் என்று கூறிக் கடைகள் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல.

எனவே கடைகள் செய்ய வேண்டியவை சில உண்டு. எதை விற்பதில்லை என்பதைத் தங்கள் பெயரிலேயே முன்கூட்டி எழுதி வெளியிட வேண்டும். ஒன்றை நீக்கினால் காரணம் கூறி, மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். சினிமாவுக்கு யு, ஏ என்று இருப்பது போல், வயது முத்திரை பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் பளிச்சென்று தெரிய வேண்டும். பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் பணம் செலவிட முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பானவற்றை அரசும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளும். கார்டு கம்பெனிகள் பணத்தைக் கொண்டு சேர்க்கும் தங்கள் வேலையைச் செய்தால் போதும்.

கல்லாப்பெட்டி கடைக்காரரிடம் இருக்கிறது. பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும்.